இல்லாத படி

காலை ஆறு நாற்பது.
பாடாங் செராய் முச்சந்தியில்
என் வேன் நிற்கும், அவன் லோரி நிற்கும்.
ராத்திரி முழுக்க பினாங்கில் லேசர் பார்த்த கண்ணோடு நான்.
முதல் நடைச் செம்பனைக் குலைகளோடு
மில்லுக்குப் போகும் வழியில் சிவநேசன்.
மாமாக் கடையில் ஒரே மேசை,
ஒரு கோப்பி ஓ, ஒரு தே தாரேக்.
பதினொரு நிமிடம்.
பிறகு நான் தூங்கப் போவேன்,
அவன் எடைப்பாலத்துக்கு.

கல்யாணமாகி ஏழு மாதம்.

"அப்படி என்னதான் பாக்குற ராத்திரி பூரா?"
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான் ஒருநாள்.

சொன்னேன்:
ஒரு மூலக்கூறு. நடுவில் கரு.
அதிலிருந்து மூன்று கிளை,
ஒவ்வொன்றும் இரண்டாய், மறுபடி இரண்டாய்.
நுனிக்கிளை பிடித்த வெளிச்சத்தை
உள்கிளைக்குத் தரும், உள்கிளை கருவுக்கு.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வந்து சேரும்.

"நடுவுல காண்ட்ராக்டர் இல்லையா?"
இல்லை.
"அப்ப நல்ல எஸ்டேட்டுதான்."

சிரித்து முடிக்க ஒரு நிமிடம் போனது.

ஆனால் நான் அளப்பது அதை அல்ல.
கண்ணுக்கு எட்டாத சிவப்பை
அதன்மேல் பாய்ச்சுகிறேன்.
ஒளித்துகள் ஒன்று தனியே வந்தால்
கண்ணாடியைக் கடப்பதுபோல் கடந்துவிடும்.
அதன் பலத்துக்குப் பாதி உயரம்தான் எட்டும்.
பாதி உயரத்தில் படி இல்லை.
ஆனாலும் கால் வைக்கும்.
இல்லாத அந்தப் படியில்,
விழுவதற்கு முன், ஒரு கணம் உண்டு.
நொடியைக் கோடியாய்க் கிழித்து
ஒரு கிழிசலை மறுபடி கோடியாய்க் கிழித்தால்
அதிலும் சின்னது.
அதற்குள் இன்னொன்று வந்துவிட்டால்
இரண்டும் சேர்ந்து ஏறிவிடும்.
கரு பச்சையாய் ஒளிரும்.
சிவப்பும் சிவப்பும் கூடிப் பச்சை.

"தனியா வந்தது?"
போய்விடும்.
"வந்ததே தெரியாமயா?"
தெரியாமல்தான்.

அவன் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
தட்டில் பருப்புக் குழம்பு ஆடை கட்டியது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லவில்லை:
ஒளியை இரு மடங்காக்கினால் பச்சை நான்கு மடங்கு,
பாதியாக்கினால் பாதி இல்லை, கால்.
வரைபடத்தில் சாய்வு இரண்டு வரவேண்டும்.
என் கோடு 1.94.
அரைத்தூக்கத்தில் நான் எதிரே உட்கார்ந்து
"ம்" மட்டும் சொல்லும் காலைகளில்
இந்தக் கணக்கு வந்து தொலைக்கும்.

போன மாதம் மழை.
பன்னிரண்டாம் பிளாக்கில் சாலை அறுத்துக்கொண்டது.
அவன் வரவில்லை.
கோப்பியைக் குடித்தேன், தே தாரேக்கையும் குடித்தேன்.
அஸ்மான் ஹாரன் அடித்தார், வேனில் ஏறினேன்.
ஏழு ஐந்துக்கு வந்தானாம்.
சக்கரமெல்லாம் சேறு.
மேசையைத் துடைத்திருந்தார்களாம்.
"அந்த அக்கா வந்தாங்களா?" என்று கேட்டதற்கு
கடைப்பையன்
"கூட்டம் அண்ணே, கவனிக்கல" என்றானாம்.

பெருநாள் விடுமுறையில் மில்லுக்குப் பூட்டு.
ஆய்வுக்கூடக் கட்டடத்திலும் காலடி இல்லை,
எதுவும் அதிராததால் பகலிலேயே லேசர் ஓடியது.
கூட்டிப் போனேன்.
கண்ணாடி மாட்டிவிட்டேன், காதில் நிற்கவில்லை,
ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தான்.
குலைமுள் கிழித்த விரல், நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு.

விரல்நீளக் குடுவை.
கதிர் நுழைகிற பக்கம் இருட்டு,
வெளியேறுகிற பக்கமும் இருட்டு.
அது குறுகி ஒடுங்கும் ஒரே இடத்தில்
கடுகளவு பச்சை.

"இவ்ளோதானா?"
இவ்வளவுதான்.

நான் அளவீட்டைக் குறிக்க மறந்தேன்.
அவன் நிமிரவேயில்லை.
வெகுநேரம் கழித்து,
குடுவைக்குச் சொல்வதுபோல்,
"ஆறு நாப்பது" என்றான்.

மணி அப்போது மதியம் இரண்டு.